மாரிக்கு முன்னம் வீட்டு வேல

போன கிழம கனடாவில இருக்கிற மச்சான் வீடியோ கோல்ல வந்தான், ஒரு கையில போன், மற்றக் கையால வீட்டுக்கு வெளிய போற பைப்ப உள்ளுக்குள்ள பூட்டி மிச்சத் தண்ணிய வடிய விடுறான். விடாட்டி தண்ணி உறைஞ்சு பெருத்து பைப்ப வெடிக்க வச்சிருமாம். "உங்களுக்கென்னடா, குளிரா கிளிரா" எண்டு வேற ஒரு கேள்வி. சரிதான், எங்களுக்கு மார்கழியிலயும் 23, 24 பாகைக்குக் கீழ லேசில இறங்காது. ஆனா திருகோணமலை உப்புவெளியில கடலுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீட்டில வந்து ஒரு மாரி இருந்து பாக்கச் சொல்லுங்க, நாலு நாள் விடாத மழையும் வாடக்காத்தும் எண்டா சீமெந்து நிலத்தில கால் வைக்கேலாது, துவச்ச சாரம் மூண்டு நாளா கொடியில கிடந்து நாறும். 2022 டிசம்பர்ல மண்டோஸ் புயல் இந்தியாப் பக்கம் போகேக்க அடிச்ச குளிர்காத்தில வடக்கு கிழக்கில நூற்றுக்கணக்கில மாடு செத்தது ஞாபகம் இருக்கா? அண்டைக்கு அம்மா ரெண்டு போர்வைக்குள்ள இருந்தும் நடுங்கினவ.

எங்கட வருசத்து மழையில பாதிக்கு மேல ஒக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ளயே கொட்டி முடிச்சிரும். அதால தென்மேற்கால வாற கச்சான் காத்து நிக்கிற கையோட, புரட்டாசிக்குள்ள வேலய முடிக்கோணும். ஐப்பசி பிறந்தா மேசன் பாஸ் போன் எடுக்கவே மாட்டார்.

கூரைக்கு ஏறுறதுதான் முதல் வேல. எங்கட வீடு சீட் போட்டது, ஆணி அடிச்ச வரிசைக்கு நேர கீழ சீட்டத் தாங்குற சிலாகை மரம் ஓடும், அந்த வரிசையிலதான் கால் வைக்கோணும், நடுவில மிதிச்சா ஆளோட சேர்ந்து சீட்டும் குசினிக்குள்ள. நான் ஒரு பலகையப் போட்டு அதுக்கு மேலதான் தவழுறது, மனுசி கீழ நிண்டு ஏசிக்கொண்டே இருப்பா. இங்க கடல் உப்புக் காத்துக்கு ஆணித்தலை எல்லாம் கறள் பிடிச்சு ஓட்டை பெருத்திரும், ஒழுக்கு அநேகமா அதாலதான். கறள் ஆணிய மாத்தி தார் பூசினா ரெண்டு மாரி தாங்கும்.

அடுத்தது கூரைத் தண்ணி ஓடுற பீலி. இதில எனக்கு போன வருசம் நல்ல அடி. கீழ நிண்டு பாத்தா துப்பரவாத்தான் தெரிஞ்சுது, விட்டிட்டன். உள்ளுக்க வேப்பஞ்சருகு பூராக் கிடந்திருக்கு, முதல் பெருமழைக்கு தண்ணி போக வழியில்லாம பின்பக்கமாத் திரும்பி சுவரால இறங்கி மூலையில வச்சிருந்த அரிசி மூட்டையில ஊறி, 25 கிலோ, அத இப்பவும் மனுசி சொல்லிக் காட்டுவா. போதாததுக்கு டெங்கு பாக்க வந்த பீஎச்ஐ, சுகாதாரப் பரிசோதகர், பீலியிலதான் முதல்ல எட்டிப் பாத்தார்.

முருங்கைய மொட்டையடிச்சாச்சு, அது சும்மா காத்துக்கே முறியிற சாமான். வெட்டின தடியள வேலியோட ஊண்டி விட்டிருக்கு. தென்னையில காவோலையும் முத்தின தேங்காயும் இறக்கினதுக்கு ஏறுற ஆள் கேட்ட காச எழுதினா ஒருத்தரும் நம்ப மாட்டீங்க. ஆனா 2020 டிசம்பர்ல புரவிப் புயல் எங்களுக்கு வடக்கால கரையேறின ராத்திரி முழுக்க அந்த மரத்தயே பாத்துக்கொண்டு இருந்தவன் நான், குடுத்திட்டன்.

மணல் நிலத்தில இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். மழை விழ விழ நிலத்துத் தண்ணி மேல வரும், கிணத்தில வாளிய கையால எட்டி மொள்ளலாம், பாக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா அதே தண்ணி மலசலகூடக் குழியயும் நிரப்பும், பிறகு ஊத்தினா இறங்காது. குழி இறைக்கிற பவுசர் லொறிக்காரர இப்பவே கூப்பிட்டு இறைச்சுப்போடுங்க. வெள்ளம் கிணத்துக்குள்ள போனா குளோரின் போடாம குடிக்க வேண்டாம்.

இவ்வளவு காலமும் கூரை, கூரை எண்டு திரிஞ்ச எனக்கு குளிர் எங்கால வருது எண்டு பிடிபட்டதே ரெண்டு வருசத்துக்கு முன்னதான். கடலப் பாத்த வடகிழக்குச் சுவர். சாரல் அதிலதான் நேர அடிக்குது, பூச்சு வெடிப்பால தண்ணிய உறிஞ்சி உள்பக்கம் பூஞ்சணம் பிடிக்குது, அந்த அறையிலதான் அம்மா படுக்கிறவ. வெடிப்பெல்லாம் அடைச்சு வெளிப்பக்கம் வோட்டர் புரூப் பெயின்ட் ரெண்டு தரம் அடிச்சன், ஜன்னலுக்கு மேல ஒரு முழம் தகரம் இறக்கினன். கதவுக்குக் கீழ இருக்கிற நீக்கலுக்கு பழைய சாறிய முறுக்கி வைக்கிறது. அம்மான்ர பாய்க்குக் கீழ சாக்கும் கார்ட்போட்டும். சிலபேர் சிரட்டைக்கரி நெருப்ப சட்டியோட அறைக்குள்ள வச்சு கதவ சாத்திப் படுக்கிறாங்க, தயவு செய்து செய்யாதீங்க, கரி எரியேக்க வாற காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்ல, நித்திரையிலயே ஆள முடிச்சிரும்.

வயரிங் பாஸ் வந்து, கரண்ட் ஒழுகினா தானா நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்ச் வேல செய்யுதோ எண்டு பாத்திட்டுப் போட்டார். டோர்ச், மெழுகுதிரி, கொத்தமல்லி, சித்தாலேப தைலம், எல்லாம் வாங்கியாச்சு.

குசினிப் பக்கத்துப் பீலி மட்டும் மிச்சம். ஏணி பக்கத்து வீட்டு அண்ணேட்ட, அவர் தன்ர கூரைய முடிச்சாத்தான் தருவாராம். நேத்து பின்னேரம் கடல் பக்கம் ஒருக்கா கறுத்திட்டு வந்திச்சுது.