வலி நின்ற பிறகு

இரவு இரண்டு மணிக்கு, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் படுக்கவும் முடியாமல் ஒருவர் அவசரப் பிரிவுக்குள் வந்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும், சிறுநீரகக் கல் வலி. டைக்ளோஃபெனாக் என்ற வலி குறைக்கும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முகம் தெளியும். "சரியாகிவிட்டது சிஸ்டர், கிளம்பட்டுமா?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

காரணம், ஒரு டிப்பர் லாரி ஓட்டுநர். சித்திரை வெயில் நாளில் வந்தார். வலப்பக்கச் சிறுநீர்க்குழாயில் 8 மி.மீ. கல். சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினோம். அவர் போகவில்லை. வலி மறுபடி வராததால் கல் கரைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஒன்பது மாதம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் குழாயிலேயே இருந்தது. வலது சிறுநீரகம் வீங்கி, ஏறக்குறைய செயலிழந்திருந்தது. அடைப்பு நீடித்தால் வலி மங்கிவிடக்கூடும், சேதம் மட்டும் தொடரும். இதை அன்றிரவு அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"வலித்திருந்தால் வந்திருப்பேனே சிஸ்டர்" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே ஒரு நீள நோட்டு வாங்கினேன். பெயர், கல்லின் அளவு, எந்தப் பக்கம், கைபேசி எண். ஏழாம் நாள் கூப்பிடுவேன். ஓட்டுநர்களும் கொத்தனார்களும் பகலில் எடுப்பதில்லை என்பதால் வீட்டில் இருப்பவரின் எண்ணையும் வாங்கிக்கொள்கிறேன். மனைவியோ அம்மாவோ எடுத்துவிட்டால் ஆளைக் கையோடு அழைத்து வந்துவிடுவார்கள்.

"யூராலஜியில் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்வது, ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். எந்தக் கிழமை, எந்த அறை, எத்தனை மணிக்குள் சீட்டுப் போட வேண்டும், காப்பீட்டு அட்டை வேண்டுமா என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை, "இன்று டாக்டர் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அவர் மீண்டும் வரமாட்டார். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். அப்படிப்பட்டவர்களிடம் சிறுநீரைத் துணியில் வடிகட்டிப் பார்க்கவும், கல் விழுந்தால் எடுத்து வரவும் சொல்கிறேன். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. குடியுங்கள், ஆனால் ஸ்கேனை விடாதீர்கள் என்பேன். காய்ச்சலும் குளிரும் வந்தால் மட்டும் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இதை இரண்டு முறை சொல்லி, அவர்கள் வாயாலும் ஒரு முறை சொல்ல வைக்கிறேன்.

அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்குவதற்காக உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதை எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் குழாய் மீதே கல் படியும். தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் அது நிரந்தரமாக உள்ளேயே இருக்க வேண்டியது என்று எண்ணியிருந்தார். எடுக்க வேண்டிய தேதிக்கு இரண்டு வாரம் முன்பு நான் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வந்து எடுத்துக்கொண்டார்.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் திரும்ப வரும் என்று அவரிடம் சொன்னேன். "குடித்தால் அடிக்கடி எழுந்து போக வேண்டுமே, மேற்பார்வையாளர் விடமாட்டார் சிஸ்டர்" என்றார். டாக்டரிடம் சொல்லி, வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் இவரை அனுமதிக்க வேண்டும் என்று மருத்துவமனைத் தாளில் எழுதி வாங்கிக் கொடுத்தேன். அதைக் காட்டினாரா என்று கேட்க, வரும் திங்கட்கிழமை கூப்பிட வேண்டும்.