பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை

பெரியம்மாவை ஏற்காட்டிலிருந்து அழைத்து வந்து சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, தூக்கம் வருகிறதா, கோபப்படுகிறாரா, வழி தவறிப் போகிறாரா என்று மருத்துவர் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். நானும் சலிக்காமல் பதில் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த பெரியம்மா, கிளம்பும் நேரத்தில்தான் வாய் திறந்தார்: "என்னைய யாரும் ஒண்ணுமே கேக்கலியே, கண்ணு."

மறதிநோய் வந்த பிறகும் அவர் ஏற்காட்டு மலையில் உள்ள நாகலூரில் தனியாகவே இருந்தார். வீட்டை விற்று, அந்தப் பணத்தில் அவரைச் சேலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அவர் மாட்டேன் என்றதையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டோம்.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவில் ஏற்படும் கடும் கோளாறையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. ஒருவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதனால் மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது அதன் 4ஆம் பிரிவு. அது சிகிச்சையைப் பற்றிய பேச்சுதான், வீடு விற்பதைப் பற்றியதல்ல. ஆனாலும் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. தமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமித்துக்கொள்ள 14ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்படி எவரையும் நியமிக்காவிட்டால் பெரும்பாலும் அந்த இடம் உறவினருக்கே போகும். வீட்டை விற்க நினைக்கும் நானே பெரியம்மாவுக்காகவும் பேசுவது எப்படி நியாயமாகும்?

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, முடிவெடுக்க இயலாத நிலையில் கலந்து பேச உற்றார் எவரும் இல்லாதவருக்கு, பெரிய சிகிச்சையோ நெடுங்கால இடமாற்றமோ முடிவாகும் முன் அவருக்காகப் பேச, யார் பக்கமும் சாராத ஒருவரை அமர்த்தியாக வேண்டும். நம்மூரில், சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். வழக்குக்கு அது போதும். பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது, உட்கார்ந்து கேட்க ஓர் ஆள்.

அவரை நெடுநாளாக அறிந்த, எங்கள் சொத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அழைத்தோம். பெரியம்மா தெளிவாக இருக்கும் காலை வேளையில் வந்து, தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே கேள்வியாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். ஒருமுறை அந்தக் காத்திருப்பு காப்பி ஆறிப்போகும் அளவுக்கு நீண்டது. பிறகு பெரியம்மா, "அங்க ராத்திரி கதவ வெளியே தாழ் போட்டுருவாங்களா?" என்று கேட்டார். நாங்கள் வீட்டுப் பாசம் என்று நினைத்தது இந்தத் தாழ்ப்பாள் பயம்தான்.

ஆசிரியை அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினார். "நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" என்று அண்ணன் கேட்டபோது, "நான் நினைக்கிறதுக்கு இதுல இடமில்லைங்க" என்று மூடிவைத்தார்.

இப்போதைக்கு விற்பனையை நிறுத்திவிட்டு, பகலில் துணைக்கு ஓர் அம்மாவை அமர்த்தியிருக்கிறோம். பனிக்கால இரவுகளை நினைத்து அண்ணன் இன்னும் கவலைப்படுகிறார்; அதைத் தவறென்று சொல்ல என்னால் முடியவில்லை. பிரதிநிதியாக ஆசிரியையின் பெயரை எழுதிய தாளில், நாங்கள் மைப்பெட்டியை நீட்டியபோது, பெரியம்மா அதைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.