பாஸ்ட்ராப் நாட்குறிப்பு, 2011

செப்டம்பர் 4, ஞாயிறு

கிளம்பச் சொன்னார்கள், கிளம்பிவிட்டோம். ஆஸ்டினில் நண்பர் வீட்டில் இருக்கிறோம். டெக்சஸில் எங்கள் ஊரான பாஸ்ட்ராப்பைப் பிடித்த காட்டுத்தீ, பக்கத்தில் இருக்கும் பாஸ்ட்ராப் மாநிலப் பூங்காவுக்குள்ளும் புகுந்துவிட்டது என்கிறார்கள்.

செப்டம்பர் 5, திங்கள்

லூயிசியானாவில் கரையேறிய லீ புயல் எங்களுக்கு ஒரு சொட்டு மழைகூடத் தராமல் காற்றை மட்டும் அனுப்பியிருக்கிறது. ஓராண்டாக மழை பொய்த்த மண்ணில், காய்ந்த பைன் ஊசிகள் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்திருந்த காட்டில், இந்தக் காற்று என்ன செய்யும் என்பதை நினைக்கவே முடியவில்லை. என் கணவர் எங்கள் வீட்டைப் பற்றி விசாரிப்பதற்காகத் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பூங்காவின் அந்தக் கல் கேபின்களின் நினைவாகவே இருக்கிறது.

1933-இல், வேலையில்லாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சி.சி.சி. (சிவிலியன் கன்சர்வேஷன் கோர்) என்ற பணிப்படையின் 1805, 1811 என்ற இரு பிரிவுகள் அந்தப் பூங்காவில் வந்து முகாமிட்டன. 18 முதல் 25 வயது வரையிலான, மணமாகாத, பெரும்பாலும் அரசின் உதவித்தொகையை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். முகாமை நடத்தியது ராணுவம். என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று வழிகாட்டியது தேசியப் பூங்காத் துறை. சுத்தியலைப் பிடித்தே பழகாத பலர் ஊர்க் கைவினைஞர்களிடம் தொழில் கற்று, செம்மணற்கல்லை வெட்டி, கேபின்களையும் உணவுக்கூடத்தையும் நீச்சல்குளத்தையும் சாலைகளையும் எழுப்பினார்கள். தீ அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 6, செவ்வாய்

செய்தி ஏதும் இல்லை. இங்கிருந்தே புகை தெரிகிறது.

செப்டம்பர் 7, புதன்

கேபின்கள் நிற்கின்றன. உணவுக்கூடமும் நிற்கிறது.

தீயணைப்பு வீரர்களும் பூங்கா ஊழியர்களும் கட்டடங்களை விட்டு நகராமல் நின்று காப்பாற்றியிருக்கிறார்கள். குன்றின் மேலிருந்த இரண்டு காட்சி மண்டபங்களைத் தீ தாக்கியிருக்கிறது, மற்றவை தப்பிவிட்டன. ஆனால் சுற்றியிருந்த காடு இல்லை. பூங்காவின் ஏறக்குறைய 6,000 ஏக்கரில் 96 சதவீதத்தைத் தீ தொட்டிருக்கிறது. கிழக்கு டெக்சஸின் பெரிய பைன் காடுகளிலிருந்து சுமார் 100 மைல் விலகி, தனித் தீவாக நின்ற காடு அது.

அந்தக் கட்டடங்கள் காட்டோடு சேர்த்துப் பார்ப்பதற்காகவே வரையப்பட்டவை என்பதுதான் இன்று முழுவதும் என்னை வாட்டுகிறது. வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றிருந்த ஆஸ்டின் கட்டடக் கலைஞர் ஆர்தர் ஃபேர், கூரைகளைத் தாழ்வாக வைத்தார். கல்லும் மரமும் அந்த மண்ணின் நிறத்திலேயே இருந்ததால், கேபின் சரிவிலிருந்து தானாக முளைத்து எழுந்தது போலத் தோன்றும். நிழலும் மரமும் போனபின் அவை எப்படித் தெரியும்?

செப்டம்பர் 9, வெள்ளி

தூக்கம் வரவில்லை. கணினியில் பழைய புகைப்படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கேபின் கதவின் இரும்புக் கீலை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் காய்ச்சி அடித்த இரும்பு அது. சுத்தியல் பட்ட இடங்கள் சிறு சிறு பள்ளங்களாக அப்படியே இருக்கின்றன, எந்தப் பள்ளமும் இன்னொன்றைப் போல இல்லை. நுனியை ஒருவர் மெலிதாக்கி, சற்றே வளைத்து முடித்திருக்கிறார். அப்படி வளைக்காவிட்டாலும் கதவு திறந்து மூடும், கூலியும் குறைந்திருக்காது.

முகாமின் மரப்பட்டறையில் செய்த நாற்காலிகளும் மேசைகளும் இந்தப் பூங்காவுக்கு மட்டுமல்லாமல் டெக்சஸின் மற்ற பூங்காக்களுக்கும் போயின. மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். இன்று சாப்பிடும்போது அத்தையிடம் இதைச் சொன்னேன். "ஏம்மா, இருபத்தைந்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளை கையில் ஐந்து ரூபாய்தானே மிஞ்சும்?" என்று கேட்டார். சாப்பாடு, உடை, படுக்கை, மருத்துவம் எல்லாம் முகாமிலேயே கிடைத்தன என்றேன். "அப்படியானால் சரி, வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்" என்றார்.

செப்டம்பர் 12, திங்கள்

எரிந்த வீடுகளின் பட்டியல் வெளியாகியிருக்கிறது. எங்கள் தெருவின் பெயர் அதில் இல்லை.

செப்டம்பர் 15, வியாழன்

இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைகளைப் புகழ்ந்தே எழுதி வந்திருக்கிறேன். அந்தப் படையைப் பற்றி எழுத வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இனம், நிறம், மதம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, 1935-இல் படையின் இயக்குநர் ராபர்ட் ஃபெக்னர், கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் வைக்க உத்தரவிட்டார். அப்படி இருந்தும் சுமார் 2 லட்சம் கறுப்பின இளைஞர்கள் அந்தப் படையில் உழைத்தார்கள், நாடெங்கும் மரம் நட்டார்கள், சாலை போட்டார்கள். அவர்களில் பலர் கட்டிய பூங்காக்களுக்குள் அவர்களுடைய குடும்பங்களே பல்லாண்டுகள் நுழைய முடியாத நிலை தெற்கு மாநிலங்களில் இருந்தது. பெண்களுக்குப் படையில் இடமே இல்லை.

இதை நினைக்கும்போது அந்தக் கல்லின் அழகு எனக்குக் குறையவில்லை, ஆனால் கோபம் கூடுகிறது. ஏறக்குறைய 30 லட்சம் பேருக்கு வேலை தரத் தெரிந்த அரசுக்கு, அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க மனம் வரவில்லை.

செப்டம்பர் 22, வியாழன்

பலத்த காற்றில் மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்ததுதான் தீக்குக் காரணம் என்று வனத்துறை சொல்லிவிட்டது. இரண்டு உயிர்கள் போயிருக்கின்றன.

அக்டோபர் 9, ஞாயிறு

இன்று வானம் கறுத்திருந்தது. எல்லோரும் மழைக்காக வேண்டிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அச்சமாக இருந்தது. வேர்கள் கருகிய சரிவில் மழை விழுந்தால் மண் நிற்காது; சாம்பலும் கரியும் மணலுமாக இறங்கி வந்து, சாலைக்கு அடியில் அந்தப் பிள்ளைகள் கல்லால் கட்டிய நீர்வழிகளை அடைத்துவிடும். அடைபட்ட நீர் சாலையின் மேலேறி ஓரத்தை அரிக்கத் தொடங்கும். பாஸ்ட்ராப் பூங்காவையும் பக்கத்து பியூஷர் பூங்காவையும் இணைக்கும் சாலை நேராகப் போகாது. மலையை வெட்டிச் சமன் செய்யாமல், மேடு பள்ளங்களை அனுசரித்து வளைந்து வளைந்து போகும். அந்த வளைவு ஒவ்வொன்றும் இப்போது நீர் இறங்கும் வழியில் நிற்கிறது. தீயிலிருந்து கட்டடத்தைக் காக்க ஆட்கள் சுற்றி நிற்கலாம். ஒரு மலைச்சரிவைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியும்?

அக்டோபர் 13, வியாழன்

34,000 ஏக்கர், 1,600-க்கும் மேற்பட்ட வீடுகள். அண்டை வீட்டார் பலர் திரும்பி வரப்போவதில்லை என்கிறார்கள்.

நவம்பர் 20, ஞாயிறு

நல்ல செய்தி ஒன்று. இந்த ஊரின் வறட்சியைத் தாங்கிப் பழகிய லோப்லாலி பைன் விதைகள் அரை டன்னுக்கு மேல் வனத்துறையின் குளிர்பதனக் கிடங்கில் இருந்திருக்கின்றன. தேவை இல்லையென்று அவற்றைக் குப்பையில் கொட்டவிருந்த நேரத்தில்தான் தீ வந்திருக்கிறது. வேறு ஊர் விதையாக இருந்தால் இந்த மணலில் எத்தனை கோடையைத் தாக்குப்பிடிக்குமோ! படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

டிசம்பர் 3, சனி

பூங்காவின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். உணவுக்கூடத்தின் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன். உளி இறங்கிய கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கோடுகளின் இடுக்கில் இன்னும் கரித்தூள் இருந்தது. மரங்கள் மறைத்திருந்த கேபின்கள் இப்போது சாலையிலிருந்தே தெரிகின்றன. ஒளிந்திருக்க வேண்டியவை வெளியே நிற்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

டிசம்பர் 7, புதன்

பூங்காக்களை நடத்தப் பணம் போதவில்லை, 46 லட்சம் டாலர் வேண்டும் என்று பூங்காத் துறை மக்களிடம் கேட்டிருக்கிறது. வறட்சியாலும் தீயாலும் பார்வையாளர்கள் குறைந்து, நுழைவுக் கட்டண வருவாய் விழுந்துவிட்டது. நான் என்னால் இயன்றதை அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஆற்றாமை தீரவில்லை. நாடே திவாலாகிக் கிடந்த 1933-இல், கையில் பணமில்லாத காலத்தில், சுமார் 30 டெக்சஸ் பூங்காக்களைக் கட்டும் வேலையைத் தொடங்க முடிந்தது. 1997-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று பாஸ்ட்ராப் பூங்காவுக்குப் பட்டமும் கொடுத்தாயிற்று. கட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். பராமரிப்பது யாருடைய பங்கு என்பதை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதிதாக விவாதிப்பது எந்த வகையில் நியாயம்?

டிசம்பர் 10, சனி

ஆஸ்டினிலிருந்து ஓர் இளைஞர் பணிக்குழு வந்திருக்கிறது. எரிந்து ஆடிக்கொண்டிருக்கும் மரங்களை வெட்டி, சரிவின் குறுக்கே கிடத்தி, மண்ணை நிறுத்தப் பார்க்கிறார்கள். எல்லோரும் இருபதை ஒட்டிய வயது. ஆண்களும் பெண்களும் இருந்தார்கள், எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கல் நீர்வழிகளைப் பற்றி விசாரித்தேன். உணவுக்கூடத்துக்குக் கீழே இரண்டு அடைத்திருக்கின்றன, திங்கட்கிழமை மண்வெட்டியோடு இறங்குகிறோம், ஆள் போதவில்லை என்றாள். என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.