கேட் லைட்டுக்கு எத்தனை வாட்?

வீட்டுக்குள் எல்லா அறையிலும் 9 வாட் எல்.இ.டி. போட்டுச் சிக்கனம் பிடித்துவிட்டு, கேட்டில் 50 வாட் ஃபோகஸ் லைட்டை விடிய விடிய எரிய விடுவது நம் கடலூர்ப் பக்கத்து வழக்கம். 12 மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. அந்த ஒரு விளக்குக்கே மாதம் 18 யூனிட்.

வெளி விளக்குக்கும் ஓர் அளவுகோல் உண்டு. குடியிருப்புக் கட்டடங்களின் மின்சிக்கனத்துக்காக மத்திய அரசு கொண்டுவந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2021' விதிகளில், சதுர மீட்டருக்கு வண்டி நிற்கும் இடத்தில் 1.6 வாட், நடைபாதையில் 2, வெளிப்படிக்கட்டில் 10, செடி கொடிக்கு 0.5 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அது 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 செண்டும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். சின்ன மனைக்காரரும் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: 3-க்கு 5 மீட்டர் கார் நிறுத்துமிடம் 15 சதுர மீட்டர், ஆக 24 வாட். 12 வாட் விளக்கு இரண்டு போதும்.

டைமரைவிட, இருட்டினால் தானே விளக்கைப் போட்டு விடிந்தால் அணைக்கும் ஃபோட்டோ சென்சார் மேல். நம் ஊரில் கார்த்திகையில் 5.40-க்கே இருட்டத் தொடங்கும், ஆனியில் 6.40 ஆகும், சாதா டைமரை யார் மாற்றிக்கொண்டே இருப்பது? சென்சார்மேல் அதே விளக்கின் வெளிச்சம் விழக் கூடாது. விழுந்தால் இரவெல்லாம் அணைந்து அணைந்து எரியும்.

இங்கே மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய வேலை, உப்புக்காற்றிலிருந்து விளக்கைக் காப்பது. அட்டையில் ஐ.பி. 65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது) என்றிருக்கும், மாட்டுபவர் வயர் நுழையும் ஓட்டையில் கிளாண்டை (வயரைச் சுற்றி இறுக்கும் மூடி) இறுக்காமல் சிலிக்கான் பசையை அப்பிவிட்டுப் போவார். எரியும்போது உள்ளே காற்று சூடாகி வெளியேறும், அணைந்து குளிரும்போது இடுக்கு வழியே உப்பு ஈரத்தோடு திரும்ப இழுக்கும். ஆறே மாதத்தில், எல்.இ.டி.-க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் போர்டில் பச்சை பூக்கலாம். வயரைக் கீழிருந்து ஏற்றுங்கள். நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். திருகு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடலோரத்தில் 304-லும் பழுப்புக் கறை ஏறும்.

வெளி விளக்குக்குத் தனி 6 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் அணைவது), தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் அணைவது) கொடுங்கள். இல்லையென்றால் ஐப்பசி மழையில் தோட்டத்து ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கியதற்கு ஃப்ரிட்ஜும் சேர்ந்து அணையும். நியூட்ரலும் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். பக்கத்து சுவிட்ச் பாக்ஸிலிருந்து கடன் வாங்கினால் மழையே இல்லாவிட்டாலும் ட்ரிப் ஆகும். 'தொல்லை' என்று ஆர்.சி.சி.பி.-யை பைபாஸ் செய்பவரை வேலைக்கே வைக்காதீர்கள். அடிக்கடி ட்ரிப் ஆனால், மெயினை அணைத்து, ஃபிட்டிங் எல்லாவற்றையும் கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (வயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கசிவு எங்கே என்று தேடிச் சரிசெய்ய வேண்டும், வயரே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஃபிட்டிங்கைக் கழற்றாமல் மெக்கர் வைத்தால் எல்.இ.டி. டிரைவர் போய்விடலாம்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா போலக் கடலை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொன்று: தை முதல் பங்குனி வரை கடல் ஆமைகள் கரையேறி முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் வெள்ளை வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணி வீட்டுப் பக்கம் ஊரும். அந்த மாதங்களிலும், குஞ்சுகள் பொரிந்து முடியும் வரையிலும் கடல் பார்த்த விளக்கை அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் தரையைப் பார்த்துத் திருப்பி, மஞ்சள் பல்பு போடுங்கள்.