குடோன் ஆள் கணக்கு கேட்டு அலைஞ்ச கதை

எம்.ஏ. பொருளாதாரம் புராஜெக்ட்டுக்கு வேலூர் பக்கத்து குடோன்களில் வருஷா வருஷம் வேலை ஆள் கூடுதா குறையுதான்னு பார்க்கலாம்னு எடுத்தேன். கைடு தலைப்பைப் படிச்சிட்டு லேசா சிரிச்சார். அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

25 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யற தனியார் நிறுவனம் மூணு மாசத்துக்கு ஒருமுறை ஈ.ஆர்.-1 படிவத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஆள் எண்ணிக்கை கொடுக்கணும்னு அப்போ இருந்தது; 1959-ஆம் வருஷச் சட்டம். அந்தத் தொகுப்பைக் கேட்டு வேலூரில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மதியம் மூணு மணி வரை பெஞ்சில் உட்கார வெச்சிட்டு, "சிப்காட்டெல்லாம் ராணிப்பேட்டைக்குப் போயிட்ச்சிமா, அங்க போய் கேளு"ன்னாங்க. மறுநாள் வெயிலில் முத்துக்கடையில் இறங்கி விசாரிச்சுப் போனா, "பழைய வருஷமா? அது வேலூர்லதானே கீது." ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நாலாவது நடையில் ஒரு பிரிண்ட்அவுட் கிடைச்சது. வேலூர் மாவட்டத்தில் 2020-இல் எண்ணிக்கை தொபுக்கடீர்னு விழுந்திருந்தது. கொரோனாதான் காரணம்னு ரெண்டு பக்கம் உருக்கமா எழுதியும் வெச்சிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைச்சது: 2019 நவம்பர் 28-ந் தேதி மாவட்டத்தையே மூணாப் பிரிச்சாங்களே! அரக்கோணம், வாலாஜா, ஆற்காடு ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போயாச்சு. ஆள் இருந்த இடத்திலேயே இருக்காங்க, கோடுதான் நகர்ந்திருக்கு. மூணு மாவட்டத்தையும் கூட்டினப்புறம்தான் உண்மையான சரிவு எவ்வளவுன்னே தெரிஞ்சது. ரெண்டு பக்கத்தையும் கிழிச்சேன். (தாத்தா காலத்து வடாற்காடுன்னா திருவண்ணாமலையும் சேர்ந்தது. நல்லவேளை, அவ்வளவு பின்னாடி நான் போகலை.)

அடுத்து தொழில் குறியீடு, அதாவது ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு வெச்சிருக்கற எண். 2008 தேசிய தொழில் வகைப்பாட்டில் 52-ன்னு இருந்தா அத்தனையும் குடோன்னு நினைச்சேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் உட்கார்ந்திருக்கறவரும் 52-தான், பஸ் ஸ்டாண்டு நடத்தறவரும் 52-தான். நமக்கு வேண்டியது 521 மட்டும். அதுக்கு முந்தின 2004 வகைப்பாட்டில் இதே வேலை 6302. அட்டவணையில் ரெண்டு எண்ணையும் ஒண்ணுன்னு ஒட்டிடாதீங்க.

ஆண்டுத் தொழில் ஆய்வு அறிக்கையை நம்பி ஒரு வாரம் வீணாச்சு. அது முக்கியமா தொழிற்சாலைக் கணக்கு. புளி வெக்கிற கோல்டு ஸ்டோரேஜ் அதில் வரும், நெல் மூட்டை அடுக்கின சாதா குடோன் வராது. வீடு வீடா எடுக்கற தொழிலாளர் கணக்கெடுப்பு (பி.எல்.எஃப்.எஸ்.) 2017-லிருந்துதான், அதுவும் பழைய வருஷங்களில் மாவட்ட அளவுக்கு நம்பி எடுக்க முடியாது. ரெண்டையும் தள்ளி வெச்சேன்.

கடைசியில் உதவினது காட்பாடியில் சுமை மேஸ்திரியா இருக்கற எங்க மாமா. படிவத்தைக் காட்டினேன். "இன்னாம்மா இது, சூப்பர்வைசர், வாட்ச்மேன், பில் போடறவர் மட்டும் கீறாங்க. மூட்டை தூக்கறவன் எங்க?" காண்ட்ராக்டர் மூலமா வர்ற ஆள் காண்ட்ராக்டர் கணக்கில் ஏறுவாங்க, அது குறியீடு 78, ஆள் சப்ளை. குடோனில் பாதி முதுகு குடோன் கணக்கிலேயே இல்லை! மாமாவோட கூலி நோட்டுகளை வாங்கி ரெண்டு நாள் உட்கார்ந்து எண்ணினேன். அறுவடை மாசத்திலும் தீபாவளிக்கு முன்னாலும் ஆள் குவியறதும், அடுத்த மாசமே கலையறதும் அதில் அப்படியே இருந்தது. அதனால மார்ச்சை மார்ச்சோட மட்டும் ஒப்பிடுங்க. மார்ச்சை டிசம்பரோட வெச்சா எந்த முடிவு வேணும்னாலும் வரும்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியது ஒண்ணு உண்டு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்க. "எங்ககிட்ட இல்லை"ன்னா பிரிவு 6(3)-படி அவங்களே ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பணும், நீங்க பஸ் ஏற வேண்டாம். நான் தாமதமாப் போட்டதால் பதில் வைவா முடிஞ்ச பிறகுதான் வந்தது. மாமா நோட்டை இன்னும் திருப்பித் தரலை, ரெண்டு தடவை கேட்டுட்டார்.