கறுப்புக் குதிரை

இன்று காலை திருகோணமலை பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில், பத்திரிகையில் அச்சாகியிருந்த பந்தயக் குதிரைகளின் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் சிறு புள்ளிகள் இட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இதுதான் கறுப்புக் குதிரை" என்றார்.

அவருடைய விரல் நின்ற இடத்தில் 20/1 என்றிருந்தது. நூறு ரூபாய் கட்டி அது வென்றால், இரண்டாயிரமும் கட்டிய நூறும் கைக்கு வரும்.

உண்மையில் அந்தச் சொல்லுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பந்தயத் திடல்களில், திறமை வெளியே தெரியாத குதிரையையே இருண்ட குதிரை என்றார்கள். தமிழுக்கு வந்தபோது மறைவு என்ற பொருள் உதிர்ந்து, கறுப்பு மட்டும் தங்கிவிட்டதே என்பது என் நெடுநாள் வருத்தம்.

"ஐயா, அது கறுப்பு நிறமா?" என்று கேட்டேன்.

"நிறம் ஆருக்குத் தெரியும் தம்பி? ஓடினால்தான் அதைத் தெரியும்" என்றார்.