மில்ன் அலமாரி: ‘ரெட் ஹவுஸ்’ முதுகு ஒட்டிவிட்டது

பழைய புத்தகத்தின் கிழிந்த முதுகு ஒருவழியாக ஒட்டிவிட்டது. தங்க எழுத்தில் ஒரு துணுக்குகூட உதிராமல் பழைய முதுகுத் துணி புதுத் துணியின் மேல் படிந்துவிட்டது. ஓரம் எங்கேயும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. அட்டையைத் திறந்து மூடினால் மூட்டு, அதாவது அட்டையும் முதுகும் சேரும் மடிப்பு, இழுக்கவில்லை. துணி பைண்டிங்கில் முதுகு மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். என் கைவேலைகளில் இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

புத்தகம் ஏ. ஏ. மில்ன் எழுதிய ‘தி ரெட் ஹவுஸ் மிஸ்டரி’. முதல் பதிப்பு 1922. என்னிடம் இருப்பது சில ஆண்டுகள் கழித்து வந்த மறுபதிப்பு. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வேண்டியதே மறுபதிப்புதான். 1926 ஏப்ரலில் மில்ன் இந்த நாவலுக்கு ஒரு முன்னுரை எழுதிச் சேர்த்தார். அது முதல் பதிப்பில் கிடையாது. இந்த அலமாரியை நான் சேர்க்கத் தொடங்கியதே அந்த முன்னுரையைப் படித்த பிறகுதான்.

அதில் அவர் சொல்வது இது. துப்பறியும் நாவல் எழுதப் போகிறேன் என்று தன் ஏஜெண்டிடம் சொன்னபோது, ‘பஞ்ச்’ பத்திரிகையின் நகைச்சுவையாளரிடமிருந்து நாடு எதிர்பார்ப்பது நகைச்சுவைக் கதையைத்தான் என்று பதில் வந்ததாம். இவர் கேட்கவில்லை, எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து குழந்தைப் பாடல்கள் எழுதுகிறேன் என்றபோது, ஏஜெண்டும் பதிப்பாளரும் உலகத்துக்கு இப்போது வேண்டியது இன்னொரு துப்பறியும் நாவல்தான் என்றார்களாம். அப்போதும் கேட்கவில்லை. அந்தப் பாடல்கள்தான் 1924-இல் வந்த ‘வென் வி வேர் வெரி யங்’. அடுத்து 1926-இல் ‘வின்னி-த-பூ’ என்ற கரடிக் கதை. அதோடு கதை முடிந்தது. அதற்கு முன் எழுதியது, பின் எழுதியது எல்லாம் ஒரு கரடிப் பொம்மைக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டன.

எனவே என் அலமாரியில் பூ வரிசை நான்கும் ஒரு மூலையில்தான். மீதி இடம் மற்ற மில்னுக்கு. கட்டுரை, நாடகம், பெரியவர்களுக்கான நாவல், தேவதைக் கதை, போருக்கு எதிரான நூல், தன்வரலாறு என்று அந்த மனிதர் கைவைக்காத வகை குறைவு. கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்தவர், அங்கே ‘கிராண்டா’ பத்திரிகையை நடத்தியவர், 1906-இல் ‘பஞ்ச்’சில் துணையாசிரியர், முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் சிக்னல் அதிகாரி. இத்தனையும் நடந்த பிறகுதான் கரடி வருகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். புத்தகம் வந்தபோது முன் மூட்டு முழுக்க அறுந்திருந்தது. பின் மூட்டு பாதிதான். முதுகுத் துணி ஒரு பக்கமாகத் தொங்கியது. விற்றவர் எழுதியிருந்த விவரத்தில் ‘நல்ல நிலை’ என்று இருந்தது. பழைய புத்தகம் விற்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மூட்டு போயிருந்தால் போயிருக்கிறது என்று எழுதுங்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை, தெரிந்து வாங்குகிறேன். அதைவிட மோசம், உள்பக்கம் யாரோ எப்போதோ ஒட்டிய செல்லோடேப். பிளாஸ்டிக் காய்ந்து தானாகவே கழன்று வந்தது. அதன் பசை மட்டும் பழுப்பாகத் தாளில் இறங்கியிருந்தது. மேலே இருந்ததை க்ரேப் ரப்பரால் உருட்டி எடுத்தேன், கறை அப்படியே நிற்கிறது. நல்ல வேளை, தையல் உறுதி. ஃபாரம் (மடித்துத் தைத்த தாள் கட்டு) எதுவும் கழன்றிருக்கவில்லை, பிரித்துத் தைக்க வேண்டிய தேவை வரவில்லை.

அட்டைத் துணியைத் தூக்குவது, புத்தக முதுகிலிருந்த பழைய வஜ்ஜிரத்தை மெத்தில் செல்லுலோஸ் என்ற கூழ்ப் பசையைப் பத்தாகப் போட்டு ஊறவைத்துச் சுரண்டுவது, ஜப்பான் தாள் ஒட்டுவது, அதன்மேல் துணி ஒட்டுவது எல்லாம் வழக்கம்போலத்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது முதுகுத் துணியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி. பாதிப் பேர் முதுகைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது லேபிள் ஒட்டிக்கொள்வதே இந்தத் தாளால்தான்.

1920களின் துணியில் ஸ்டார்ச் ஏற்றியிருப்பார்கள். அதற்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் சாயம் கிளம்பும், காய்ந்ததும் கறை விழும், துணி சுருங்கும். சுருங்கினால் எழுத்துக் கோணும். ஆனால் பின்னால் உள்ள முரட்டுத் தாளை எடுக்காமல் புதுத் துணியில் ஒட்டினால் முதுகு தடித்து, வளையும்போது விரிசல் விடும். ஆக, தாள் போக வேண்டும், தண்ணீரும் படக்கூடாது. நூலகப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் வழி, முன்பக்கத்துக்கு முதலில் ஒரு தாங்கு கொடுத்துவிட்டுப் பின்பக்கம் தாளை உலர்வாகவே உரிப்பது. தாங்குக்கு மெல்லிய ஜப்பான் தாள், அதை ஒட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல்-ஜி. தண்ணீர் இல்லாத பசை. ஆல்கஹாலுக்குச் சாயம் கிளம்புகிறதா என்று அட்டையின் உள்மடிப்பில், யாருக்கும் தெரியாத இடத்தில், பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். பஞ்சில் நிறம் ஏறவில்லை. அதன் பிறகுதான் எழுத்து இருந்த பக்கத்துக்கே போனேன்.

தாங்குத் தாள் ஒட்டிக் காய்ந்ததும் துணியைக் குப்புறப் போட்டு, நுனி மழுங்கிய வளைந்த ஸ்கால்பலால் (அறுவைக் கத்தி) தாளை உரிக்க ஆரம்பித்தேன். இங்கேதான் மொத்த சூட்சுமமும். கத்தியைத் துணிக்கும் தாளுக்கும் நடுவே விடக்கூடாது. தாளுக்குள்ளேயே விட வேண்டும். அந்தக் காலத்து முதுகுத் தாள் அடுக்கடுக்காகப் பிரியும், வெங்காயத் தோலைப் போல. மேல் அடுக்கைப் படுக்கை வாட்டில் இழுத்தால் அது மட்டும் வரும். அப்புறம் அடுத்தது. கடைசி அடுக்கு மெல்லிய பஞ்சு மாதிரி துணியோடு ஒட்டியே இருக்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பசை பிடிக்க அது நல்ல தளம். முழுக்க எடுத்தே தீருவேன் என்று துணி இழை தெரியும்வரை போனால் முன்பக்கம் தங்கம் கிளம்பிவிடும். இழுக்கும் திசையும் முக்கியம். முதுகின் நீளவாக்கில் இழுத்தால் துணி நீளும். குறுக்கே, ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, இடது கையின் இரண்டு விரலால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே செய்தேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. மேலிருந்து விழும் விளக்கு இதற்கு உதவவே உதவாது.

உரித்த பிறகு இரண்டு பக்க ஓரத்தையும் ஒரு நூலிழை குறைத்து வெட்டினேன். பழைய துணி மூட்டுப் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. இறங்கினால் புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓரம் கிளம்பும். பசையைப் பழைய துணியில் தடவாமல் புது முதுகில் தடவினேன். மெத்தில் செல்லுலோஸ் கலந்த பிவிஏ (வெள்ளைப் பசை), கெட்டியாக, மெல்லிய பூச்சு. வைத்து, சிலிகான் தாள் போட்டு, போன் ஃபோல்டர் என்ற எலும்புத் தகட்டால் நடுவிலிருந்து வெளியே தேய்த்து, க்ரேப் பேண்டேஜால் சுற்றிவைத்தேன். மறுநாள் ஆல்கஹாலால் தாங்குத் தாளை நனைத்து எடுத்தபோது எழுத்து முழுசாக இருந்தது. மில்ன் என்ற பெயரின் கடைசி எழுத்தில் ஏற்கெனவே இருந்த தேய்மானம்கூட அப்படியே இருந்தது. அது போகக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன்.

புதுத் துணிக்கு ஏரோலினன் என்ற மெல்லிய லினன். நிறமில்லாததை வாங்கி அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூசினேன். மங்கிய நீலத்துக்கு நீலம் மட்டும் போதாது. துளி பழுப்பும் சாம்பலும் வேண்டும். முதுகு வெயிலில் வெளுத்திருக்கும், அட்டை வெளுத்திருக்காது. அட்டையின் நிறத்துக்குப் பொருத்தினால்தான் மூட்டு கண்ணை உறுத்தாது. துணி வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குழாயில் சுற்றி அனுப்புவார்களா? ஓர் இணையக் கடை எனக்கு எட்டாக மடித்து உறையில் போட்டு அனுப்பியது. மடிப்புக் கோடு இஸ்திரி போட்டும் போகவில்லை. பைண்டிங் தோலுக்கு ஸ்காட்லாந்து லிவிங்ஸ்டனில் இருக்கும் ஹியூவிட் நிறுவனம்தான் என் விருப்பம். 1806 முதல் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். மில்னுக்குத் தோல் தேவையில்லை, ஆனாலும் அவர்கள் பட்டியலைப் பார்த்தால் கை அரிக்கிறது.

காயும் நேரத்தில் நாவலை இன்னொரு மலிவுப் பிரதியில் மறுபடி படித்தேன். மார்க் ஆப்லெட்டின் கிராமத்து மாளிகை, ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் சகோதரன், பூட்டிய அறைக்குள் துப்பாக்கிச் சத்தம், நண்பனைப் பார்க்கத் தற்செயலாக வந்து சேரும் ஆண்டனி கில்லிங்ஹாம். துப்பறிபவருக்குச் சாதாரண வாசகனுக்கு இருக்கும் அறிவே போதும், நுண்ணோக்கியோடு வரும் நிபுணர் வேண்டாம் என்பது மில்னின் கொள்கை. ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் ஒரு கட்டுரையில் இந்த நாவலின் தர்க்கத்தைக் கழற்றிப் போட்டார். போலீஸ் விசாரணை இப்படியா நடக்கும் என்ற அவர் கேள்வி நியாயமானது. இருந்தும் எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும். ஆண்டனியும் பில் பெவர்லியும் பேசிக்கொள்ளும் பேச்சு அத்தனை உற்சாகமாக இருக்கிறது. துப்பறியும் கதை என்றால் உயிரை விடும் தன் அப்பாவுக்காக எழுதியதாகச் சமர்ப்பணத்தில் சொல்கிறார். அந்த அன்பு எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது.

அடுத்து நாடகங்கள். 1919-இல் சாட்டோ அண்ட் விண்டஸ் வெளியிட்ட ‘ஃபர்ஸ்ட் ப்ளேஸ்’, 1921-இல் ‘செகண்ட் ப்ளேஸ்’. இரண்டிலும் நல்ல பிரதி தேடிக்கொண்டிருக்கிறேன். ‘மிஸ்டர் பிம்’ மேடையில் ஓடிய பிறகு அதையே 1921-இல் நாவலாகவும் எழுதினார். நாடகத்தையும் நாவலையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். 1917-இல் எச். எம். ப்ராக் படங்களோடு வந்த ‘ஒன்ஸ் ஆன் எ டைம்’ கிடைத்தால் வேறு எதையும் தொட மாட்டேன். 1915-இல் போர்க் காலத்தில் எழுதிய தேவதைக் கதை. குழந்தைகளுக்கா பெரியவர்களுக்கா என்று யாராலும் முடிவு கட்ட முடியவில்லை. நான் பெரியவர்கள் பக்கம்.

1934-இன் ‘பீஸ் வித் ஆனர்’ கையில் இருக்கிறது. போரே கூடாது என்று வாதாடும் நூல். அதே மனிதர் 1940-இல், ஹிட்லரைத் தடுத்தே ஆக வேண்டும் என்று ‘வார் வித் ஆனர்’ என்ற சிறு வெளியீடு எழுதினார். இரண்டையும் பிரிக்கவே கூடாது. அந்தச் சிறு வெளியீட்டுக்குத் தனியாக ஒரு பெட்டி செய்து, நூலின் பக்கத்திலேயே நிறுத்த உத்தேசம். பெட்டி அட்டை 2 மி.மீ. போதுமா, 1.5 எடுக்கலாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

அலமாரியில் அடுக்கும் முறை மட்டும் உறுதி. வகை பிரித்து வைக்கப் போவதில்லை, வெளிவந்த ஆண்டு வரிசைதான். அப்போதுதான் 1921-இன் நாடகம், 1922-இன் கொலை, 1924-இன் குழந்தைப் பாடல் மூன்றும் தோளோடு தோள் நிற்கும். ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த வரிசையே இருந்திருக்காது.

‘ரெட் ஹவுஸ்’ இன்னும் முடியவில்லை. அட்டையின் உள்பக்கத் தாளைத் தூக்கிவைத்தது அப்படியே நிற்கிறது. இங்கே இந்த வாரம் மழை, ஈரப்பதம் அதிகம். இப்போது ஒட்டினால் அட்டை வளையும். காற்று கொஞ்சம் உலர்ந்ததும் கோதுமை ஸ்டார்ச் பசையால் முன் பக்கத்தை ஒட்டி, பாரம் ஏற்றி, மறுநாள் பின் பக்கம். செல்லோடேப் கறையைத் தாளிலிருந்து இறக்க யாரிடமாவது நல்ல வழி இருந்தால், உள்தாளை ஒட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்.